உஷார்! சென்னையில் தனியாக வீடு எடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பிள்ளைகளே, அட்வான்ஸ் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஏற்கெனவே தனியாகக் குடியிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவும் படிக்கட்டும்.

"மாசம் இத்தனை வாடகை, அதைக் கட்டிட்டா மீதி என் கையில்" என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். தப்பு! வாடகை கண்ணுக்குத் தெரிகிற செலவு. தேதி வந்தால் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், எப்படியாவது கட்டிவிடுவீர்கள். ஆளைச் சாய்ப்பது கண்ணுக்குத் தெரியாத செலவு. நாலு பேர் புழங்கும் வீட்டில் "எதுக்குடா இவ்வளவு செலவு பண்றே?" என்று ஒருவராவது கேட்பார். தனி வீட்டில் கேட்க ஆள் கிடையாது. நீங்கள் பட்டினியாகப் படுத்தாலும் தெரியாது. கடன் வாங்கினாலும் தெரியாது. காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும் தெரியாது.

கேட்க ஆளில்லாத வீட்டில் செலவு நிற்காது!

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம், வயது 24. பெருங்குடியில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 24,600 ரூபாய். ஊரில் அது பெரிய சம்பளம். முதலில் வேளச்சேரியில் மூன்று நண்பர்களோடு இருந்தான். தலைக்கு 3,500 வாடகை. ராத்திரிச் சமையல் முறை வைத்து நடந்தது. ஷிப்ட் மாறியதில் தூக்கம் கெட்டது, பகலில் தூங்கவிடாமல் சத்தம். அவன் தனி வீடு தேடியதில் தப்பே இல்லை. கணக்குதான் தப்பாகப் போனது.

மேடவாக்கத்தில் ஒரு அறை, சமையலறை. வாடகை 8,500. பத்து மாத அட்வான்ஸ் கேட்டு, பேசிப் பேசி ஆறு மாதத்துக்கு இறங்கினார்கள். அது 51,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகை தனி. பால் காய்ச்சுவதற்குள் 68,000 போய்விட்டது. அம்மாவின் செயின் கூட்டுறவு வங்கிக்கு அடகு போனது.

அதற்குப் பிறகு மாதாமாதம் என்ன ஆனது? அவனோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்த கணக்கு இது. வாடகை 8,500. மெயின்டனன்ஸ், தண்ணீர் 700. சப் மீட்டரில் யூனிட்டுக்கு 9 ரூபாய் வீதம் 120 யூனிட், 1,080. கேன் தண்ணீர் 320. ராத்திரிச் சாப்பாட்டை ஆர்டர் செய்வது மாதத்தில் இருபது நாள், 4,400. காலை டிபன், மதியச் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து 3,900. பெட்ரோல் 2,000. போனும் இன்டர்நெட்டும் 800. போன் வாங்கிய இ.எம்.ஐ. 2,200. வீட்டுக்கு அனுப்புவது 3,000.

கூட்டுங்கள். 26,900!

வருவது 24,600. சினிமா இல்லை, சட்டை துணி இல்லை, தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பஸ் டிக்கெட் இல்லை. அதெல்லாம் சேராமலே மாதம் 2,300 துண்டு விழுகிறது. இதில் எந்த வரியைக் காட்டி "ஊதாரித்தனம்" என்று அந்தப் பிள்ளையைத் திட்டுவீர்கள்? எந்த வரியையும் காட்ட முடியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்ட பழக்கம் ஒன்றுகூட இல்லாத பிள்ளை இப்படித்தான் கடனில் விழுகிறான்.

துண்டு விழுந்ததைக் கிரெடிட் கார்டு தாங்கியது. மெத்தை, அடுப்பு, பழைய ஃபிரிட்ஜ் என்று முதலில் வாங்கியதும் அதிலேயே ஏறியிருந்தது. ஒரு வருஷத்துக்குள் 40,000 பாக்கி. "மினிமம் டியூ கட்டினால் போதும்" என்று வந்த செய்தியை நம்பி மாதம் 2,000 கட்டிக்கொண்டிருந்தான். அங்கே நடந்தது என்ன தெரியுமா? மாதத்துக்கு 3.5 சதவீத வட்டி என்றால் 40,000-க்கு 1,400. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., 252. கட்டிய 2,000-ல் 1,652 அப்படியே போய்விட்டது. கடனில் கழிந்தது 348 ரூபாய்! அதற்கு மேல் புதிதாக எது வாங்கினாலும், முழு பாக்கியையும் அடைக்கும் வரை, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இந்த நிலையில் மழைக்காலம் வந்தது. டெங்கு.

மூன்று நாள் அந்த அறையில் தனியாகக் கிடந்திருக்கிறான். ஆபீஸில் லீவு என்று நினைத்தார்கள். அம்மா தினமும் போன் செய்து "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டிருக்கிறார். "சாப்ட்டேம்மா." நாலாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் ஆட்டோ பிடித்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனான். வெளியே வரும்போது 19,000 பில். கம்பெனி அவனுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து வைத்திருந்தது! அந்த அட்டையை அவன் ஒரு நாளும் டவுன்லோட் செய்து பார்த்ததில்லை. எடுத்துச் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.

படுக்கையில் இருந்தபடியே ஒரு கடன் செயலியைத் தட்டினான். 10,000 கேட்டான். "பிராசசிங் ஃபீஸ்" பிடித்துக்கொண்டு 6,500 வந்தது. ஏழே நாளில் 10,000 திருப்பிக் கட்டச் சொன்னார்கள். கட்ட முடியாமல் இன்னொரு செயலி. அதை அடைக்க மூன்றாவது. பிறகு மிரட்டல். அவன் படத்தை அசிங்கமாக மாற்றி, போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். ஊரிலிருந்து வந்த போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான்.

அந்தப் படம் பழைய வேளச்சேரி நண்பன் ஒருவனுக்கும் போயிருக்கிறது. அவன் பார்த்த உடனே வண்டியை எடுத்துக்கொண்டு மேடவாக்கம் வந்துவிட்டான். அந்த ராத்திரி அவன் வராமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு அந்தப் பிள்ளை சொன்ன பதிலை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

இது யாரோ ஒருவருக்கு நடந்தது என்று தள்ளிவிடாதீர்கள்! இனி சொல்லப் போவதில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினால்கூட இன்றைக்கே உஷாராகுங்கள்.

முதல் ஆபத்து வீட்டு வாசலிலேயே நிற்கிறது. ஆன்லைனில் அழகான படம், நம்ப முடியாத குறைந்த வாடகை. "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூரில் போஸ்டிங், டோக்கன் அட்வான்ஸ் போட்டால் சாவி வரும்" என்று ஒருவர் பேசுவார். சில சமயம் "நான்தான் உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பார். பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை! பின் போட்டால் போவது உங்கள் பணம். வீட்டை நேரில் பார்க்காமல், உள்ளே நின்று குழாயைத் திறந்து பார்க்காமல், ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று லீஸ். "மாச வாடகையே வேண்டாம், சில லட்சம் கொடுங்கள், காலி செய்யும்போது அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்." கேட்க இனிப்பாக இருக்கும். இடையில் இருப்பவன் உண்மையான வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களுக்கு லீஸுக்கு விட்டு, சில மாதத்தில் மறைந்துவிடுவான். வாடகை வராத வீட்டுக்காரர் வந்து நிற்கும்போதுதான் உங்களுக்கு விஷயம் தெரியும். பத்திரம் யார் பெயரில்? வீட்டு வரி ரசீது யார் பெயரில்? கரண்ட் பில் யார் பெயரில்? மூன்றும் உங்களிடம் கையெழுத்து வாங்குகிறவர் பெயரோடு பொருந்துகிறதா பாருங்கள். கேட்டால் கோபப்படுகிறாரா? எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரர், குடியிருப்பவர் உரிமைகளுக்காகத் தமிழ்நாட்டில் 2017-ல் ஒரு சட்டம் வந்து, 2019-ல் நடைமுறைக்கும் வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. சண்டை வந்தால் தண்ணீரையோ கரண்டையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. ஆனால் "வேறு மாதிரி ஒப்புக்கொள்வது" என்பது உங்கள் கையெழுத்து. பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேச முடியாது. அதனால் முன்னாலேயே பேசுங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். குடிபோகும் நாளில் சுவர், குழாய், கதவு, ஸ்விட்ச் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள்.

கரண்ட்! இதில் எத்தனை பேர் ஏமாறுகிறார்கள்! தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேலும் குறைவாகப் புழங்குகிறவருக்குக் கட்டணம் குறைவு. தனி ஆள், ஒரு ஃபேன், ஒரு லைட், ஒரு ஃபிரிட்ஜ் என்றால் சலுகை முழுவதும் அவருக்குத்தான் சேர வேண்டும். ஆனால் மூன்று நாலு குடித்தனத்தை ஒரே இணைப்பில் போட்டு, சப் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று வாங்குகிறார்கள். வீடு பார்க்கும்போதே கேளுங்கள்: தனி இணைப்பா, சப் மீட்டரா? 500 ரூபாய் வாடகை கூடினாலும் தனி இணைப்புள்ள வீடே லாபமாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது சாப்பாடு. இங்கேதான் பணமும் போகிறது, உடம்பும் போகிறது. மெனுவில் 150 என்று இருக்கும். பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் ஏறி 220-ல் நிற்கும். மினிமம் ஆர்டர் வரவில்லை என்று தேவையில்லாத ஒரு ஸ்வீட்டும் சேரும். நாலு பேர் ஆர்டர் செய்தாலும் டெலிவரி கட்டணம் ஒன்றுதான், ஒரு ஆள் செய்தாலும் ஒன்றுதான். தனி ஆள் அதை முழுசாகச் சுமக்கிறார். கேஸும் இன்டர்நெட்டும் புரோக்கர் காசும் இதே கதைதான். பங்கு போட ஆளில்லை.

"சரி, சமைக்கிறேன்" என்று கிளம்பும் பிள்ளைகளும் உஷார். முதல் வாரம் உற்சாகத்தில் கால் கால் கிலோவாக ஆறு காய் வாங்கி, பாதி அழுகிக் குப்பைக்குப் போகும். மனசு விட்டுப்போய் மறுபடி செயலியைத் திறப்பீர்கள். தனி ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு காய், முட்டை, தயிர், ஒரு பருப்பு போதும். சோறு மட்டும் வீட்டில் வடித்து, குழம்பையும் பொரியலையும் தெருமுனை மெஸ்ஸில் வாங்கினாலே பாதிச் செலவு மிஞ்சும். முகவரிச் சான்று இல்லை என்று கேஸ் இணைப்புக்கு அலைய வேண்டாம். அடையாள அட்டை ஒன்றைக் காட்டினால் 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறது. கையில் காசே இல்லாத நாளில் பட்டினி கிடக்காதீர்கள்! 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்கு சாம்பார் சாதம் என்றுதான் விலை வைத்தார்கள். அங்கே போய் நிற்பதில் கௌரவம் குறையாது. பட்டினியோடு வேலைக்குப் போய் மயங்கி விழுந்தால்தான் எல்லாம் குறையும்.

பஸ்ஸுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது. மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் அதைவிடச் சல்லிசு. பெண்பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021-லிருந்து காசே வாங்குவதில்லை. பைக் டாக்ஸியும் ஆட்டோவும் அவசரத்துக்கு. தினசரிக்கு அல்ல!

உடம்புக்கு வருவோம். இதை இரண்டு தடவை படியுங்கள்.

தனியாக இருப்பவர் காய்ச்சலை மறைக்கக் கூடாது! டெங்குவில் காய்ச்சல் இறங்கியதும் "சரியாகிவிட்டது" என்று போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். பலருக்கு ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்குகிற அந்த நேரத்தில்தான். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, எழுந்திருக்க முடியாத சோர்வு. இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாம் உங்களுக்காகத்தான் இருக்கின்றன. சின்னக் காய்ச்சலுக்கு உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று இன்றே தெரிந்து வையுங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறது, ஆனால் அட்டையைத் தொட்டதே இல்லை. தகுதி நாட்கள் முடித்திருந்தால், நோயில் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, ஒரு ஆண்டில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். உங்கள் காசு அது! சம்பளம் கூட இருப்பவர்கள் கம்பெனிக் காப்பீட்டு அட்டையைப் போனில் எடுத்து வைத்து, வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

பணத்தில் அபாயக் குறி என்னென்ன? மாதம் 15-ம் தேதிக்குள் கார்டைத் தேய்க்கத் தொடங்குவது. முழு பில்லுக்குப் பதில் மினிமம் டியூ கட்டுவது. வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவே பயப்படுவது. "அடுத்த மாசம் அனுப்புறேம்மா" என்று இரண்டு மாதம் தொடர்ந்து சொல்வது. மாத்திரையைத் தள்ளிப் போடுவது. நண்பர்கள் கூப்பிட்டால் காசில்லாததால் போகாமல், காரணத்தை மாற்றிச் சொல்வது. கரையான் அரிக்கிற கதவு வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் நாள்தான் கடைசி மணி!

கடன் செயலிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டுவிட்டது. கடன் தருவது எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வருஷ வட்டி மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் தர வேண்டும். உங்கள் போனில் உள்ள எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. "கான்டாக்ட்ஸ் அனுமதி கொடு" என்று கேட்கிற கடன் செயலியை அந்த நொடியே அழித்துவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? மிரட்டலுக்குப் பயந்து மேலும் மேலும் கட்டாதீர்கள், கட்டினால் மிரட்டல் கூடும். செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து 1930-க்குப் போன் செய்யுங்கள். கடன் வசூலில் மிரட்டிக் கொடுமைப்படுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாடு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள், நீங்கள் அல்ல. மனசு இருண்டு போனால் 104 அல்லது 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தனி வீட்டு வாடகை கட்டுப்படாவிட்டால் அரசு நடத்தும் தோழி விடுதிகளைப் பாருங்கள். சென்னையில் அடையாறிலும் தாம்பரத்திலும் இருக்கின்றன. தனியார் விடுதி என்றால் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியதா என்று கேளுங்கள். 2014 சட்டப்படி அது கட்டாயம். உரிமத்தைக் காட்டத் தயங்கும் விடுதியில் ஒரு ராத்திரிகூடத் தங்காதீர்கள்.

தனியாகவே இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்குத் தனி அறைதான் நிம்மதி. அது எனக்குப் புரிகிறது. ஆனால் வாடகை, மெயின்டனன்ஸ், கரண்ட் மூன்றும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த வீடு உங்களுக்கு இப்போது வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் சேர்ந்து இருங்கள். அந்த மன்னார்குடிப் பிள்ளைக்கு அது 10,280. மூன்றில் ஒரு பங்கு 8,200. எல்லாமே அந்த 2,000 ரூபாயில்தான் தொடங்கியது. இப்போது அவன் மறுபடி வேளச்சேரியில் இருக்கிறான். கார்டு கடனை மாதத் தவணையாக மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறான். செயின் இன்னும் திரும்பி வரவில்லை.

இன்று ராத்திரிக்குள் மூன்று வேலை செய்யுங்கள். போன மாதச் செலவு முழுவதையும் ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான ஒருவருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். அம்மாவோ அண்ணனோ நண்பனோ, யாராக இருந்தாலும் சரி. இனி ஒவ்வொரு மாதமும் அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அவர்கள் எண்ணை வாங்கி ஊரில் இருப்பவர்களிடம் கொடுங்கள். உங்கள் வீட்டுச் சாவி ஒன்றை அதே பகுதியில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, "ரெண்டு நாள் நான் போன் எடுக்கலைன்னா வந்து திறந்து பாருங்க" என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோரே, நீங்களும் கேள்வியை மாற்றுங்கள். "சாப்ட்டியா?" என்று கேட்டால் "சாப்ட்டேன்" என்றுதான் வரும். "என்ன சாப்ட்டே? யார்கூட சாப்ட்டே? கையில் எவ்வளவு இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் திட்டாதீர்கள். அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.